மோதிர விரல் கடிக்கிறதா? கலியாண நகை செய்யும் முன் தீவகத்தார் கேட்க வேண்டிய கேள்விகள்

கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. உங்களுக்கோ கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிவிடும். மணிக்கூட்டுப் பட்டி பட்ட இடம் கடிக்கும். ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே, தோல் தடித்துக் கறுத்திருக்கும். இனி விரலில் ஒரு மோதிரமும் கழுத்தில் ஒரு கொடியும் ஆயுள் முழுக்கக் கிடக்கப் போகின்றன. அவை ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஆறுதலான பதில். உங்களைப் போன்றவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு நல்ல 22 கரட் மஞ்சள் தங்கம் ஒன்றும் செய்யாது. கடிப்பது தங்கம் இல்லை, தங்கத்தோடு கலந்த உலோகம். அந்தக் கலவையை உங்கள் கண் முன்னே தீர்மானிக்கும் வாய்ப்பு நம்மவர் கலியாணச் சடங்குக்குள்ளேயே இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த உலோகம் கடிக்கிறது?

பெரும்பாலும் நிக்கல். வெள்ளி போலப் பளபளக்கும் மலிவான உலோகம் அது. கவரிங் நகை, இடுப்புப் பட்டிக் கொளுவி, பொத்தான், சட்டை ஊசி என்று எல்லாவற்றிலும் இருக்கும். வியர்வையில் உள்ள உப்பு நிக்கலைத் துளித் துளியாகக் கரைக்கிறது. கரைந்தது தோலுக்குள் இறங்குகிறது. சிலருடைய உடல் அதைப் பகையாக எடுத்துக்கொண்டு எதிர்க்கிறது. இதுதான் ஒவ்வாமை (உடலுக்கு ஒத்துக்கொள்ளாமை). ஐரோப்பிய நாடுகளில் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது உண்டு. ஆண்களில் குறைவு. காது குத்தி மலிவான தோடு போடுவதுதான் இந்த வேறுபாட்டுக்கு முக்கிய காரணம்.

ஒருமுறை வந்துவிட்டால் போகுமா?

பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். நிக்கலை விலக்கி வைத்தால் தோல் அமைதியாக இருக்கும், திரும்பப் பட்டால் திரும்பக் கடிக்கும். அதனால்தான் சின்னப் பிள்ளைக்குக் காது குத்தும்போது நல்ல தங்கத் தோடு போட வேண்டும் என்கிறேன். கவரிங் தோட்டில் மிச்சம் பிடிக்கும் காசு, அந்தப் பிள்ளையின் கலியாண வயதில் வேறு வழியாகப் போய்விடும்.

கடையில் போட்டுப் பார்த்தேனே, ஒன்றும் செய்யவில்லையே?

இந்த ஒவ்வாமை சாவகாசமாகத்தான் வரும். நிக்கல் பட்டு ஒரு நாள், இரண்டு நாள், சில வேளை மூன்று நாள் கழித்துத்தான் கடி தொடங்கும். கடையில் பத்து நிமிடம் போட்டுப் பார்ப்பது அளவு பார்க்க மட்டும்தான் உதவும். அம்மாவின் 22 கரட் மோதிரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு கிழமை இரவும் பகலும் போட்டுப் பாருங்கள். விரல் சும்மா இருந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

அதற்கு முன் இன்னொரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். உங்களுக்கு இருப்பது ஒவ்வாமைதானா?

மோதிரத்தைக் கழற்றிவிட்டு அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கல் பதித்த மோதிரம் என்றால் கல்லுக்குப் பின்னால் உள்ள குழியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பிசுபிசுவென்று வரும். அது சவர்க்காரம். பாத்திரம் கழுவி, உடுப்புத் தோய்த்து, மீன் வெட்டி, திரும்பக் கை கழுவி என்று நாள் முழுக்க ஈரத்தில் இருக்கும் கையில், மோதிரத்துக்குக் கீழே மட்டும் ஈரமும் சவர்க்காரமும் காயாமல் நிற்கின்றன. தோல் ஊறி வெந்து சிவக்கிறது. பார்வைக்கு இது ஒவ்வாமை போலவே இருக்கும்.

நம் தீவுகளில் இது கூடுதல். பல கிணறுகளில் தண்ணீர் உவர். உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்காததால் நாம் இன்னும் கொஞ்சம் தேய்ப்போம். தேய்த்தது முழுதாகக் கழுவுப்பட்டும் போகாது. இரண்டு கிழமைக்கு, ஒவ்வோர் ஈர வேலைக்கும் முன் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். மோதிரத்தை மென்மையான பல்தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். விரலை நன்றாகத் துடைத்துக் காயவிட்டுத் திரும்பப் போடுங்கள். கடி நின்றுவிட்டால் உங்கள் மோதிரத்தில் பிழை இல்லை.

விரலில் கறுப்புக் கோடு விழுவதையும் பச்சை நிறம் பிடிப்பதையும் ஒவ்வாமை என்று எண்ண வேண்டாம். செம்பும் வெள்ளியும் வியர்வையோடு சேர்ந்தால் அப்படி நிறம் விடும். கழுவினால் போய்விடும்.

சரி, ஒவ்வாமைதான் என்று தெரிகிறது. எத்தனை கரட் எடுப்பது?

கரட் என்பது 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு. 24 கரட் முழுத் தங்கம். மோதிரம் செய்தால் நசுங்கிப் போகும் அளவுக்கு மென்மை. 22 கரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். 18 கரட்டில் 75. 14 கரட்டில் 58.5. 9 கரட்டில் 37.5 மட்டும். அதாவது 9 கரட் மோதிரத்தில் பாதிக்கு மேல் வேறு உலோகம். வேறு உலோகம் கூடக்கூட உங்கள் தோலுக்கு வேலை கூடுகிறது.

22 கரட் மஞ்சள் தங்கத்தில் கலப்பது வழக்கமாகச் செம்பும் வெள்ளியும். இரண்டும் ஒவ்வாமை தருவது அரிது. உங்கள் அம்மாவின் தாலிக்கொடி நாற்பது வருடம் அவர் கழுத்தை ஒன்றும் செய்யாமல் கிடப்பதற்கு இதுதான் காரணம். மோதிரத்துக்குப் போகும் தங்கம் அரைப் பவுணைச் சுற்றித்தான் (நம் நாட்டில் ஒரு பவுண் 8 கிராம்). அதில் கரட்டைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் காசு பெரிதாக இராது. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கிராமைக் குறையுங்கள், கரட்டைக் குறைக்காதீர்கள்.

வெளிநாட்டு மாப்பிள்ளை வெள்ளைத் தங்கம் கேட்கிறாரே?

இங்கேதான் மிகக் கவனம் வேண்டும். தங்கம் இயல்பில் மஞ்சள். அதை வெளுக்க வைக்க நிக்கலோ பல்லேடியமோ (பிளாட்டினத்தின் இனத்தைச் சேர்ந்த வெள்ளை உலோகம்) கலக்கிறார்கள். நிக்கல் மலிவு. இப்படி வெளுத்த தங்கத்தின் மேல் ரோடியம் (மிகப் பளபளப்பான, விலை கூடிய உலோகம்) மெல்லிய பூச்சாகப் போடுவார்கள். புதிதாகப் போடும்போது உங்கள் தோலில் படுவது ரோடியம்தான்; ஒன்றும் செய்யாது. நாளடைவில், முதலில் உள்ளங்கைப் பக்கமாக, பூச்சுத் தேயும். அதன் பிறகு விரலில் படுவது நிக்கல் கலந்த தங்கம். “ஒரு வருடம் நன்றாகத்தானே இருந்தது, இப்போது ஏன் கடிக்கிறது?” என்று கேட்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

வெள்ளை நிறம்தான் வேண்டும் என்றால் பிளாட்டினம் எடுங்கள். 950 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம். விலை கூட, ஆனால் பூச்சுத் தேயும் கவலை இல்லை. பல்லேடியம் கலந்த வெள்ளைத் தங்கமும் உண்டு. ஆனால் நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்குப் பல்லேடியமும் ஒத்துக்கொள்வதில்லை. வாங்கும் முன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாரிசிலிருந்தோ லண்டனிலிருந்தோ மோதிரம் வருகிறது என்றால் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 1994இல் இதற்கென்று சட்டம் கொண்டுவந்தன. தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் பொருள், ஒரு சதுர சென்ரிமீற்றருக்குக் கிழமைக்கு அரை மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை விடக்கூடாது என்பது அளவு (மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு). பிரித்தானியாவிலும் அதே கட்டுப்பாடுதான். அங்கே கடையில் “இது நிக்கல் சட்டத்துக்கு உட்பட்டதா?” என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அந்த அளவுக்கு உட்பட்ட பொருளும் மிக உணர்ச்சியுள்ள தோலைச் சில வேளை கடிக்கும் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

இனி ஊரில் செய்வதைப் பற்றி. கலவையை நீங்களே தீர்மானிக்கலாம் என்றேனே, எப்படி?

பொன்னுருக்கு. கலியாணத்துக்குச் சில நாள் முன்னர், நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் தாலிக்கான பொன்னை உருக்கும் சடங்கு. நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, பத்தர் வந்து அமர்வார். சிரட்டைக் கரி சிவந்ததும் தங்க நாணயத்தை மூசைக்குள் (பொன் உருக்கும் சிறு மண் கிண்ணம்) வைப்பார். ஊதுகுழலால் ஊத ஊத அது முதலில் செக்கச் சிவந்து, பிறகு ஓரம் மழுங்கி, சட்டென்று ஒரு துளியாகச் சுருண்டு நடுங்கும். சுற்றி நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆறிய பொன்னை வெற்றிலையில் வைத்துக் காட்டுவார்கள்.

பழைய வீடுகளில் உருக்கியது பிரித்தானிய அரசர் தலை போட்ட பவுண் நாணயம். அது 22 கரட். பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. ஒவ்வாமை உள்ளவருக்கு அதைவிட நம்பிக்கையான மூலப்பொருள் கிடைப்பது கடினம். அப்படி ஒரு நாணயம் வீட்டில் இருந்தால் தாலிக்கும் மோதிரத்துக்கும் அதையே கொடுங்கள். இல்லாவிட்டால் பத்தரிடம் 24 கரட் தங்கமாகக் கொடுத்து, செம்பும் வெள்ளியும் மட்டும் கலந்து 22 ஆக்கச் சொல்லுங்கள். பழைய தோடும் உடைந்த சங்கிலியும் சேர்த்து உருக்குவதை மட்டும் தவிருங்கள். அவற்றில் எந்தக் கடையின் எந்தக் கலவை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இதைப் பத்தரிடம் எப்போது சொல்வது? சடங்கு நடக்கும்போது சொல்லக் கூடாது. கூட்டத்துக்கு நடுவில் அவரைக் கேள்வி கேட்பது மரியாதையும் இல்லை, பயனும் இல்லை. கலியாண நாள் வைத்தவுடனேயே பெரியவர் ஒருவரோடு போய், “பிள்ளைக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது. கலவையிலும் பொடியிலும் நிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கோ ஐயா” என்று சொல்லிவிடுங்கள்.

பொடி எதற்கு? கொடியில் வளையத்தோடு வளையத்தை ஒட்ட வைப்பது பொடி (பற்றாசு). தங்கத்துக்கு முன்பே உருக வேண்டும் என்பதால் அதில் வேறு உலோகம் கூட இருக்கும். ஒரு காலத்தில் கட்மியம் (எளிதில் உருகும் நச்சு உலோகம்) சேர்த்த பொடி பரவலாக இருந்தது. அதன் புகை முதலில் கெடுப்பது ஊதுகிற பத்தரின் நெஞ்சைத்தான். கட்மியம் இல்லாத பொடியைக் கேட்பது அவருக்கும் நல்லது. கொடி போடுகிறவர்களுக்குப் பிடரியில் மட்டும் கடி வந்தால் கொளுக்கியைப் பாருங்கள். அதில் பொடி அதிகம். உள்ளே வில்லுக் கம்பி வைத்த கொளுக்கியென்றால் அந்தக் கம்பி தங்கமாக இராது.

உரைகல்லில் உரசிப் பார்த்தால் தெரியாதா?

உரைகல் மாற்றுப் பார்க்க, அதாவது தங்கம் எத்தனை பங்கு என்று அறிய. மீதி என்ன உலோகம் என்று அது சொல்லாது. நகைக்கடைகளில் இப்போது கதிர் பாய்ச்சிக் கரட் பார்க்கும் மெஷின் இருக்கிறது. அது ஒவ்வோர் உலோகத்தையும் தனித்தனியாக எத்தனை வீதம் என்று காட்டும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் போகும்போது, மெஷின் வைத்திருக்கும் கடையில் “கரட் மட்டும் வேண்டாம், நிக்கல் எத்தனை என்றும் பார்த்துச் சொல்லுங்கோ” என்று கேளுங்கள். பூச்சுப் போட்ட நகையில் மெஷின் பூச்சையும் சேர்த்துப் படிக்கும். ஆகவே பூச்சுப் போடும் முன் பார்ப்பது நல்லது.

இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். நிக்கல் சோதனைத் திரவம் என்று சிறு போத்தலில் விற்பார்கள். பஞ்சில் இரண்டு துளி விட்டு நகையில் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசிகிற நகையென்றால் பஞ்சு ரோசா நிறமாகும். வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் ஒன்று வாங்கிவரச் சொன்னால் குடும்பம் முழுக்கப் பயன்படும்.

மெட்டிக்கு என்ன செய்வது?

மெட்டி வெள்ளி. 925 முத்திரை உள்ள வெள்ளியில் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி வழக்கமாகச் செம்பு. அது போதும். ஆனால் “ஜேர்மன் சில்வர்” என்று கொடுத்தால் வாங்காதீர்கள். பெயரில்தான் வெள்ளி. பொருளில் செம்பு, நிக்கல், நாகம் மூன்றும்தான். ஒரு குன்றிமணி வெள்ளிகூட இல்லை. கால் விரலிடுக்கில் வியர்வையும் மணலும் சேரும் இடத்தில் அதைப் போட்டால் புண் உறுதி.

உருக்கு, டைட்டேனியம், டங்ஸ்டன் என்று இப்போது மோதிரங்கள் வருகின்றனவே?

டைட்டேனியம் தோலுக்கு மிக நல்லது. உடலுக்குள் எலும்பில் பொருத்தும் உலோகமே அதுதான். மருத்துவ உருக்கு என்று விற்கும் 316 எல் வகையில் நிக்கல் பத்து வீதத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் இறுகப் பிணைந்திருப்பதால் மிகக் குறைவாகவே கசியும். பலருக்கு ஒத்துக்கொள்ளும், கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு நான் சொல்ல மாட்டேன். டங்ஸ்டன் மோதிரத்தில் தூளைப் பிணைக்க நிக்கலோ கோபால்ட்டோ சேர்ப்பார்கள். கோபால்ட்டும் ஒவ்வாமை தரும்.

ஆனால் தீவகத்தில் இருக்கிறவர் தோலை மட்டும் யோசித்தால் போதாது. விரல் வீங்கி மோதிரம் இறுகினால் அதை வெட்ட வேண்டி வரும். தங்க மோதிரத்தைச் சாதாரண மோதிர வெட்டியால் வெட்டிவிடலாம். டைட்டேனியத்துக்கு வலுவான கருவி வேண்டும். டங்ஸ்டனை வெட்டவே முடியாது, நசுக்கி உடைக்கத்தான் வேண்டும். ஊர்காவற்றுறையில் இருப்பவருக்குத் தரைப்பாதை உண்டு. நெடுந்தீவில் இரவில் விரல் நீலமாகிப் போனால் குறிகட்டுவான் துறைக்கே ஒரு மணித்தியாலக் கடல். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ குடியிருக்கப் போகிறவர் டங்ஸ்டன் மோதிரம் எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கடற்தொழில் செய்கிறவருக்கு இன்னொன்று. வலை இழுக்கும்போது மோதிரம் கயிற்றில் சிக்கினால் விரல் தோலையே உரித்துக்கொண்டு போகும். எந்த உலோகமென்றாலும் இது பொருந்தும். தொழிலுக்குப் போகும்போது கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விரல் வெறுமையாக இருக்க மனம் ஒப்பாவிட்டால் சிலிக்கன் மோதிரம் (இறப்பர் போன்ற மென்பொருள்) போடலாம். சிக்கினால் அது அறுந்துவிடும், உலோகமும் இல்லை.

தங்கம் இல்லாத மோதிரத்தைக் கோயிலில் ஏற்பார்களா?

கத்தோலிக்கக் குடும்பங்கள் இதைக் கேட்கும். மோதிரம் இன்ன உலோகத்தில் இருக்க வேண்டும் என்று திருச்சபை விதிக்கவில்லை. திருமணத்தை ஆக்குவது இருவருடைய சம்மதம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவிட்டால் எந்த மோதிரத்தையும் ஆசீர்வதிப்பார். சைவக் கலியாணத்தில் தாலிதான் முதன்மை. அதற்குத் தங்கமே வழக்கம், அதுவே உங்கள் தோலுக்கும் உகந்தது.

வைத்தியரிடம் போக வேண்டுமா?

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதியாகத் தெரிய ஒரே வழி ஒட்டுச் சோதனை. சந்தேகமுள்ள உலோகங்களைச் சிறு சிறு பொட்டுகளாக முதுகில் ஒட்டி, இரண்டு நாள் வைத்து எடுத்துப் பார்ப்பார்கள். மேலும் ஓரிரு நாள் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். அதுவரை முதுகை நனைக்கக் கூடாது, வியர்க்க விடக் கூடாது.

தீவுக்காரருக்கு இதில் உள்ள சிரமம் வெளிப்படை. ஒரே கிழமையில் மூன்று முறை போக வேண்டும். வெயிலில் வள்ளத்தில் வந்து போனால் பொட்டுகள் வியர்வையில் கழன்றுவிடும். அந்தக் கிழமை யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போக, முதலில் உங்கள் ஊர் வைத்தியசாலையில் கடிதம் வாங்குங்கள். ஒட்டுச் சோதனை எங்கே எப்போது செய்யலாம் என்று தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். கலியாணத்துக்கு மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்கினால்தான் பொன்னுருக்குக்கு முன் முடிவு கையில் இருக்கும்.

தோல் வெந்திருக்கும்போது கடையில் விற்கும் வெளுக்க வைக்கும் கிறீமைப் பூசாதீர்கள். முகத்துக்குப் பூசக் கூடாத கடும் மருந்து அவற்றில் சிலவற்றில் இருக்கிறது.

தங்கமே ஒத்துக்கொள்ளாதவர் உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2001ஆம் ஆண்டில் தங்கத்தையே அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. இதில் விசித்திரம், சில வேளை விரல் சும்மா இருக்கும், கண்ணிமை கடிக்கும். முகத்துக்குப் போடும் பவுடரில் உள்ள கடினமான துகள் மோதிரத்தை உரசித் தங்கத்தைத் தூளாக்கி முகத்துக்குக் கொண்டுபோகிறது. காரணம் தெரியாமல் இமை அடிக்கடி சிவக்கிறது என்றால் வைத்தியரிடம் மோதிரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். சோதனையில் தங்கம்தான் என்று உறுதியானால் பிளாட்டினமோ டைட்டேனியமோ உங்களுக்கு.

ஏற்கெனவே கலியாணம் முடிந்துவிட்டது, மோதிரம் கடிக்கிறது. என்ன செய்வது?

நகப்பூச்சை உட்புறம் பூசினால் ஒரு சில நாள் தாங்கும். கடல் தண்ணீரில் இன்னும் விரைவில் உரியும். ரோடியம் பூச்சுத் திரும்பப் போடலாம், அதுவும் தேயும். நிலையான வழி, மோதிரத்தின் உட்புறம் முழுக்க 22 கரட்டில் ஒரு மெல்லிய தகட்டைப் பத்தர் கையால் பொருத்துவது. வெளியே அதே மோதிரம், வெளிப்புறம் பெயர் வெட்டியிருந்தால் அதுவும் அப்படியே இருக்கும். தோலில் படுவது மட்டும் மாறும். உள்ளளவு சற்றுக் குறையும் என்பதால் விரலை அளந்துவிட்டுக் கொடுங்கள். காலையில் அளக்காமல், விரல் சற்றுத் தடித்திருக்கும் பின்னேரத்தில் அளந்துகொள்ளுங்கள்.

கொடி கடிக்கிறது என்றால் முழுதையும் உருக்க வேண்டியதில்லை. கொளுக்கியையும், பொடி அதிகமாக வைத்த மூட்டுகளையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். கொடி பத்தரிடம் இருக்கும் நாட்களில் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சில நாளில் பிடரி ஆறிவிட்டால் பிழை எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கயிற்றிலும் கடித்தால் மஞ்சளையோ குங்குமத்தையோ சந்தேகிக்க வேண்டும், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.